நான்காம் வாரப் படம்

ஜனவரி 8

அன்பு அக்காவுக்கு,

பார்சல் வந்து சேர்ந்ததா? பிரிக்கும்போது கத்தரிக்கோலை ஆழமாக விடாதே, மேலேயே உறைகள் இருக்கின்றன. எதைப் பிரித்தாலும் உனக்கு ஒரு அவசரம்.

உள்ளே அறுபது உறைகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவு வெள்ளைத் தாள் ஒன்று. டிஷ்யூ என்று நினைத்து மூக்கைத் துடைத்துவிடாதே. நான்கு வருடமாக என் உயிரை வாங்கியது இதுதான். மீன் பதப்படுத்தும் ஆலையில் உரித்துக் கொட்டுகிற தோலை வாங்கிக் கழுவி, அமிலத்தில் ஊறவைத்து, அதிலிருந்து கொலாஜனைப் பிரிக்கிறோம். நம் தோலுக்கு உறுதி கொடுக்கிற அதே புரதம். அதை ஊசிக்குழலில் ஏற்றி, முனையில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் திரவம் நூலாகப் பறந்து, எதிரே சுற்றும் உருளையில் படியும். ஒரு தலைமுடியை ஐந்நூறாகக் கிழித்தால் ஒன்று எவ்வளவு இருக்குமோ அவ்வளவு மெல்லிய நானோ நார். கொடி பந்தலைப் பிடிப்பதுபோலப் புதுத் தோல் இதைப் பிடித்துக்கொண்டு புண்ணின் மேல் படரும். பிறகு தாள் கரைந்து உடம்போடு சேர்ந்துவிடும்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். புண்ணைச் சுத்தம் செய், தாளை வை, உப்புநீரால் நனை. கண்ணாடி மாதிரி ஆகும். மேலே சாதாரணக் கட்டு. ஏழு நாள் பிரிக்காதே. உன் கை சும்மா இருக்காது என்பதால் இன்னொரு தடவை எழுதுகிறேன்: ஏழு நாள் பிரிக்காதே. ஏழாம் நாள் பிளாஸ்டிக் தாளைப் புண்ணின் மேல் வைத்து, ஓரத்தை மார்க்கரால் வரைந்து, அசலையே தபாலில் அனுப்பு. போனில் படம் எடுத்தால் அளவு மாறும். நான்காவது வாரம் எங்கள் போட்டோகிராபரே நேரில் வருவார்.

வாராந்திரப் படிவங்களும் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் உன் வார்டு என்ன ஆவது? எல்லாவற்றிலும் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிடு. தேதியும் அளவும் நானே எழுதிக்கொள்கிறேன்.

என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. இது நன்றாக வந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் உன் வீட்டுக் கூடத்தில் பாய் விரிக்க வருவேன், இடம் வைத்திரு.

உன்
ஒல்லி


ஜனவரி 15

என் ஒல்லிக்கு,

உறைகள் பத்திரம். ஒன்றும் கிழியவில்லை, நீ ஏமாந்தாய்.

உன் ஆய்வுக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தாகிவிட்டது. ஆள் தேடி அலையவே வேண்டாம். இருபத்திரண்டு கட்டில், முப்பத்தொரு புண். எல்லாரும் நின்று வேலை செய்கிறவர்கள். உட்கார்ந்து வேலை செய்கிறவன் காலில் இப்படிப் புண் வருவதில்லை. வந்தாலும் அவன் இங்கே வருவதில்லை.

முதலில் சேர்ந்தவர் எங்கள் லிஃப்ட் அண்ணன். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர், எனக்கு முன்பே இங்கே இருப்பவர். ‘மேலயா கீழயான்னு கேக்கறதுதான் சிஸ்டர் நம்ம வேலை. அனுப்பறது டாக்டருங்க’ என்பார். சர்க்கரை இருக்கிறது. இடது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஐந்து மாதமாக ஆறாத புண். லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூல் போடச் சொல்லி மூன்று தடவை எழுதிக்கொடுத்தேன். ஆபரேட்டர் உட்கார்ந்தால் மரியாதையாக இருக்காது என்று அவரை வேலைக்கு வைத்திருக்கிற ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான்.

உன் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘மீன் தோலா? கால் கழுவுறப்ப நீந்திப் போயிருமா?’ என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கட்டு அவிழ்ந்துவிட்டது. அண்ணனுக்குப் பயம்தான். என் தங்கை செய்தது என்று சொன்ன பிறகு காலை நீட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஆளுக்கு ஆறு வாரம் வீதம் எழுபத்திரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கடைசியில் என் பெயரே வேறு யாருடையதோ மாதிரி தெரிந்தது. போன கடிதத்தில் நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி கூட இல்லை. மீன் தோல் நலமாக இருப்பது மட்டும் தெரிந்தது.

உன்
அக்கா


ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். போதுமா?

லிஃப்ட் அண்ணனின் வரைபடங்களை என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதல் நாள் தீப்பெட்டி அளவு. இரண்டாவது வாரம் கட்டைவிரல் நகம் அளவு. டைரக்டர் வந்து பார்த்தார். பிறகு ஆய்வுக்குப் பணம் போடுகிற நிறுவனத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அறைக்குள் வந்தவர்களில் ஒருவர் என்னிடம் டீ கேட்டார். ‘இவங்கதான் செஞ்சது’ என்று டைரக்டர் சொன்னதும் அந்த ஆளின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். இங்கே எல்லாருடைய அப்பாவுக்கும் எல்லாருடைய அப்பாவையும் தெரியும். நம் அப்பாவை யாருக்குத் தெரியும்? உன் கைதான் எனக்குச் சிபாரிசு.

அண்ணனிடம் சொல், அவர் கால்தான் இங்கே ஹீரோ.

உன்
ஒல்லி


பிப்ரவரி 13

ஒல்லி,

முந்தாநாள் போனில் உன்னிடம் கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், உன் குறிப்பேட்டில் அப்படியே ஏற்று. ஒன்பதாம் தேதி அண்ணன் வந்தார். புண் மூடியிருந்தது, இளஞ்சிவப்பாகப் பளபளவென்று. வார்டே எழுந்து வந்து பார்த்தது. நான் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு. சுற்றி அழுத்தினேன், காலை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? ‘மேல் தோல் மூடிருச்சு இல்லக்கா? பதினொண்ணாம் தேதி படம் எடுக்க ஆள் வர்றாரு. ரெண்டே நாள். அதுவரைக்கும் தொடாதே.’

நான் தொடவில்லை. பதினேழு வருடமாகப் புண்ணைப் பார்க்கிற கை இது. திற என்று சொன்னது. தங்கை சொன்னாள் என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

பதினொன்றாம் தேதி காலை உன் போட்டோகிராபர் வந்து, பாதத்துக்கு அடியில் நீலத் துணி விரித்து, விளக்கு வைத்து, ‘அருமை, அருமை’ என்று எடுத்துக்கொண்டு போனார். அவர் படி இறங்கியதும் டாக்டரைக் கூப்பிட்டுத் திறந்தோம். மேலே தாள்போலத் தோல். அடியில் பை மாதிரிச் சீழ். பஞ்சுக்குச்சி முக்கால்வாசி உள்ளே போய் எலும்பில் தட்டியது. டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்து, ‘சிஸ்டர், இது நேத்து வந்தது இல்லையே’ என்றார்.

உன் தாள் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மற்றப் பதினொரு பேருக்கும் நன்றாக ஆறிக்கொண்டு வருகிறது. ஆனால் அடியில் பை இருக்கிற புண்ணில் இதை வைத்தால் மேலே சீக்கிரம் மூடிவிடுகிறது. உள்ளே இருப்பது வெளியே வர வழியில்லை. இதை எழுது. பெரிதாக எழுது. இந்தத் தாளைக் கையில் எடுக்கிற ஒவ்வொரு நர்ஸுக்கும் முதலில் இது தெரிய வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 20

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். சர்க்கரை அதிகமாக இருப்பவர்களுக்கு எந்தக் கட்டுப் போட்டாலும் இப்படி நேரலாம் என்கிறார். நீயே எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாய். உன் மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதே.

எழுத வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். இனி அண்ணனுடைய வரைபடம் அனுப்பத் தேவையில்லை. மற்றவர்களுடையதை மட்டும் நிறுத்தாமல் அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒல்லி


மார்ச் 22

ஒல்லிக்கு,

அண்ணன் காலை எடுத்துவிட்டார்கள். முதலில் விரல்கள், பிறகு பாதம், போன வாரம் முழங்காலுக்குக் கீழே. மயக்கம் தெளிந்ததும், ‘எந்த மாடி சிஸ்டர்?’ என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்டாரா, நிஜமாகவே தெரியாமல் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் மனைவி சிரித்தார், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏஜென்சி அவரை நிறுத்திவிட்டது. நிற்க முடியாதவர் லிஃப்ட் ஓட்ட முடியாதாம். ஸ்டூல் கொடுத்திருந்தால் புண்ணே வந்திருக்காது, இப்போது ஸ்டூல் இல்லாததால் வேலையும் இல்லை. இப்படி ஒரு நியாயத்தை எங்கே உட்கார்ந்து யோசிக்கிறார்கள்? கண்டிப்பாக நாற்காலியில்தான்.

ஆய்வில் சேரும்போது அண்ணன் கையெழுத்திட்ட உங்கள் ஒப்புதல் படிவத்தின் பதினோராவது பத்தியில், ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சை, செயற்கைக் கால், பழைய நிலைக்கு வரும்வரை சம்பளம் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு என்று இருக்கிறது. அதற்கான வேலையைத் தொடங்கு. நானும் ஆஸ்பத்திரி ஆபீஸில் கேட்கிறேன். அவருக்குச் செயற்கைக் கால் சீக்கிரம் கிடைத்தால் வேறு வேலைக்காவது நிற்கலாம்.

வேறு செய்தி இல்லை. எழுதும் மனநிலையும் இல்லை.

அக்கா


ஏப்ரல் 6

அன்பு அக்காவுக்கு,

எங்கள் கட்டுரையை ஆய்விதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தாளைத் தயாரிக்க நிறுவனம் கையெழுத்திட்டுவிட்டது. எனக்கு நிரந்தர வேலை. கடிதத்தைக் கையில் வாங்கியபோது முதலில் உன்னைத்தான் நினைத்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்து எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. கட்டுரையின் கடைசியில் ‘காயப் பிரிவின் செவிலியருக்கு நன்றி’ என்று போட்டிருக்கிறோம்.

லிஃப்ட் அண்ணன் விஷயம் நிர்வாகத்தின் பார்வையில் இருக்கிறது. இதெல்லாம் நேரம் எடுக்கும். நீ ஆபீஸில் போய் எதுவும் கேட்க வேண்டாம், குழப்பம்தான் வரும். என்னிடம் விடு.

ஒரு தடவை இங்கே வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போயேன்.

உன்
ஒல்லி


ஜூன் 3

ஒல்லி,

நேற்று உங்கள் நிறுவனத்து விற்பனைக்காரர் டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்தார். டை கட்டிய சின்னப் பையன்தான், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. இருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு விளம்பரப் புத்தகம் கொடுத்தான். வெட்டிய இடத்தைச் சுத்தம் செய்ய வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் அண்ணனுக்கும் கொடுத்தான்.

அட்டையில் நீலத் துணி. அதன்மேல் ஒரு பாதம். ‘நான்கே வாரத்தில் முழுமையாக ஆறிய புண்.’

அண்ணன் புத்தகத்தைத் தூரமாகப் பிடித்தார், கிட்டக் கொண்டுவந்தார். ‘சிஸ்டர், இது என் காலு’ என்றார். பையன் சிரித்து, இது எங்கேயோ எடுத்த படம் ஐயா என்றான். ‘ரெண்டாவது விரலைப் பாரு தம்பி. பழைய லிஃப்ட் கதவு கடிச்சது, நகம் கிடையாது. எங்கடா போச்சுன்னு தேடிட்டிருந்தேன், இங்க கொண்டாந்து வச்சிருக்கீங்க.’ யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் புத்தகங்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

போகும்போது அவனிடம் கேட்டேன், எங்கள் வார்டுக்கு இந்தத் தாள் வருமா என்று. வராதாம். விலை அப்படி. வைத்துப் பார்க்க எங்கள் கால், வாங்கிக் கட்டிக்கொள்ள வேறு யாருடைய காலோ.

நேராக ஆபீஸுக்குப் போனேன். நீ போகாதே என்றதால் இரண்டு மாதம் போகாமல் இருந்தேன், பார். கிளார்க் பைலை எடுத்துக் காட்டினார். வாராந்திரப் படிவத்தின் அடியில் மூன்று கட்டம் உண்டு: தொடர்கிறார், தானாக விலகிக்கொண்டார், பாதிப்பு ஏற்பட்டது. லிஃப்ட் அண்ணனின் நான்காம் வாரப் படிவத்தில் இரண்டாவது கட்டத்தில் டிக். பிப்ரவரி 11. படம் எடுத்த அதே நாள். அதனால் படம் உங்களுக்கு, கால் போன நஷ்டம் அவருக்கு. தானாக விலகியவருக்குப் பதினோராவது பத்தி பொருந்தாதாம். அடியில் சாட்சியாக என் கையெழுத்து. ‘நீங்கதானே சிஸ்டர் சைன் பண்ணிருக்கீங்க, எங்கிட்ட வந்து கேக்கறீங்களே’ என்றார் கிளார்க்.

தேதியில் எழுதியிருந்த ஒன்று என்ற எண்ணுக்கு வால் இருந்தது. ஸ்கூலில் அந்த வாலுக்காக அடி வாங்கியவள் நீ.

உன் கட்டுரையையும் எங்கள் சின்ன டாக்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அடியில் பை இருக்கிற புண்ணைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பெரிதாக எழுது என்றேன். நீ சிறிதாகக்கூட எழுதவில்லை.

ஆய்வுகளைக் கண்காணிக்கிற ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழு இருபத்தைந்தாம் தேதி கூடுகிறது. அதற்குள் நீயே அவர்களுக்கு எழுது. அவர் விலகவில்லை, பாதிப்பு வந்தது, டிக்கை நான்தான் போட்டேன் என்று உன் கையால் எழுது. நான் உன்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா


ஜூன் 11

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் ஏதோ கொலைகாரி என்பது மாதிரி எழுதியிருக்கிறாய்.

மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்குத் தெரியாது. ஆய்வை அன்றைக்கே நிறுத்தியிருப்பார்கள். பதினொரு பேருக்கு ஆறியது குப்பைக்குப் போயிருக்கும். நாளைக்கு ஆயிரம் பேருக்கு ஆறப்போவதும் சேர்ந்து போயிருக்கும். ஒரு காலுக்காக ஆயிரம் காலை விடச் சொல்கிறாயா? டைரக்டர் என் மேஜையில் படிவத்தை வைத்து, ‘நீயே முடிவு பண்ணு’ என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் பேனாவைத் தொடவே இல்லை. அவர்களெல்லாம் எப்போதும் தொட மாட்டார்கள். இங்கே தோற்றால் மற்றவர்களுக்கு அப்பாவின் நண்பர் ஆபீஸில் ஒரு நாற்காலி இருக்கும். எனக்கு என்ன இருக்கிறது? இதை நீ புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வார்கள்?

நீ உன்னைப் பற்றியும் யோசி. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று வெளியே சொன்னால் உன் வேலை நிற்குமா? நான் உன்னையும்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

தெரியாமல் விட்டுவிட்டேன் என்றும் நினைக்காதே. நீ போனில் சூடாக இருக்கிறது என்றபோதே எனக்குப் புரிந்தது. உனக்குத் தாள் அனுப்பும் முன்பு நாங்கள் சோதித்த எலிகளில் இரண்டுக்கு இப்படி ஆகியிருக்கிறது, குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அடுத்த முறை தாளில் சின்னத் துளைகள் விட்டுச் சரிசெய்யப் போகிறோம், அந்த வேலையை நான் தொடங்கிவிட்டேன். அப்போது யாருக்கும் இது நடக்காது. கொஞ்சம் பொறு.

அண்ணனுக்கு நான் தனிப்பட்ட முறையில் ஏதாவது செய்கிறேன். குழுவுக்கு மட்டும் போகாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
ஒல்லி


ஜூன் 28

ஒல்லிக்கு,

குழுவுக்குப் போகும் முன் லிஃப்ட் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். எலிகளையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, ‘தொடாதேன்னு சொன்னது தங்கச்சி. தொடாம இருந்தது நீங்கதானே சிஸ்டர்’ என்றார். ஆமாம் என்றேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. அது சரிதான்.

குழுவில் ஆறு பேர். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதை ஒப்புக்கொண்டேன். சூடு தெரிந்த பிறகும் இரண்டு நாள் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். தலைவர் படிவத்தைத் திருப்பிக் காட்டி, ‘இந்தத் தேதி யார் எழுதினது?’ என்று கேட்டார். ‘என் தங்கச்சி’ என்றேன். உன்னைப் பற்றி எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொன்ன வார்த்தை. அந்த அறையில் சொன்னபோது எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள்.

நீ எழுதிய கடிதங்களைக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றின் அசலும். எலியைப் பற்றிய வரியை அவர்கள் இரண்டு தடவை வாசித்தார்கள். ஜனவரியில் அந்த ஒரு வரியை நீ எனக்கு எழுதியிருந்தால் போதும். பை இருக்கிற புண் எது என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியும், அதுதானே என் வேலை. எலிக்கு வந்ததை உன் குறிப்பேட்டில் எழுதினாய், அக்காவிடம் சொல்லவில்லை. என் கைதான் உனக்குச் சிபாரிசு என்று எழுதினாயே, அந்தக் கையின் கண்ணைக் கட்டித்தான் அனுப்பியிருக்கிறாய்.

என்னை இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். விசாரணை முடிய மாதக்கணக்கில் ஆகும். உன்னையும் கூப்பிடுவார்கள். என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது, யோசிக்கவும் முயலவில்லை. அண்ணனுடைய படிவத்தில் அந்த டிக்கை அடித்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். நிறுவனம் மறுத்து எழுதும் என்று கிளார்க் சொல்கிறார். எழுதட்டும். தாளோடு சேர்த்து ஒரு எச்சரிக்கைத் துண்டு வைக்கவேண்டும் என்று குழு உத்தரவிட்டிருக்கிறது. அதை எந்த மொழியில், எந்த அளவு எழுத்தில் வைப்பார்களோ.

ஆயிரம் கால் என்று எழுதியிருந்தாய். அந்த ஆயிரத்தில் ஒன்றையாவது நீ கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாயா? நான் இந்த ஒன்றைத் தினமும் எடுத்து மடியில் வைத்துக் கட்டினேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம், வந்தால் பிரிக்க மாட்டேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால் லிஃப்ட் அண்ணனுக்கு எழுது. விலாசம் இந்தக் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. உன் கடிதத்தை யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல மாட்டாராம், தானே படிப்பாராம். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனால் சின்னச் சின்ன வார்த்தையாகப் போட்டு எழுது.

அக்கா